மேரி கியூரி எடுத்த ஃபிசிக்ஸ் கிளாஸ்

மேரி கியூரின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ரேடியம், ரெண்டு நோபல் பரிசு, கறுப்பு கவுன், சிரிக்காத ஒரு முகம். க்விஸ்ல கேட்டா கேள்வி முடியுறதுக்குள்ள பஸ்ஸரை அழுத்திடுவீங்க. ஆனா அவங்க ரெண்டு வருஷம் ஒரு பத்து சின்னப் பிள்ளைங்களுக்கு ஃபிசிக்ஸ் கிளாஸ் எடுத்தாங்கன்னு தெரியுமா? அதுவும் சைக்கிள் பேரிங் குண்டு, இங்க், முட்டை, உப்பு இதையெல்லாம் வச்சு. இந்தக் கட்டுரை அதுக்காகத்தான். ரேடியம் கதை எல்லா புத்தகத்திலும் இருக்கு. அதை வேகமா தாண்டிப் போயிடுவேன், கோவிச்சுக்காதீங்க.

முதலில் ஒரு கண்ணாடி அலமாரியைப் பற்றிச் சொல்லணும்.

1867 நவம்பர் 7 அன்று வார்சா நகரத்தில் மரியா ஸ்க்லோடோவ்ஸ்கா பிறந்தார். வீட்டில் செல்லமாக மான்யா. அப்போது உலக வரைபடத்தில் போலந்து என்று தனி நாடே கிடையாது. வார்சா ரஷ்ய ஜார் மன்னரின் ஆட்சியில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் ரஷ்ய மொழியில்தான் நடக்க வேண்டும். போலந்து மொழியில் போலந்து வரலாறு சொல்லிக் கொடுத்தால் குற்றம். அப்பா கணக்கும் இயற்பியலும் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர். அம்மா ஒரு பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியையாக இருந்தவர். மான்யாவுக்குப் பத்து வயதாக இருக்கும்போதே காசநோயில் இறந்துவிட்டார்.

வீட்டில் அப்பாவின் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள், சின்னத் தராசு, கனிமக் கற்கள், தங்க இலை மின்காட்டி ஒன்று. ஒரு காலத்தில் அப்பா இவற்றையெல்லாம் வகுப்புக்கு எடுத்துப் போவார். அரசாங்கம் போலந்துப் பிள்ளைகளுக்கான அறிவியல் நேரத்தைக் குறைத்த பிறகு, எல்லாம் வீட்டோடு நின்றுபோயின. மான்யா அந்த அலமாரி முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். இதுக்கெல்லாம் என்ன பேருன்னு அப்பாவிடம் கேட்டாள். இயற்பியல் கருவிகள் என்று பதில் வந்தது. அந்தப் பெயரைப் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தாள். தொட்டுப் பார்க்க வாய்ப்பு வரவில்லை.

இந்த இடத்தில் உங்களில் பாதிப் பேருக்கு உங்க ஸ்கூல் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. நான் படித்த இடத்திலும் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு, அதுக்கு ஒரு பூட்டும் உண்டு. ப்ரிசம், டியூனிங் ஃபோர்க், வெர்னியர் எல்லாம் அழகா அடுக்கி வச்சிருப்பாங்க. இன்ஸ்பெக்‌ஷன் வந்தா திறப்பாங்க. எங்களைப் பூட்டி வைக்க ஜார் மன்னர் யாரும் தேவைப்படலை.

மான்யா 1883ல் பதினைந்து வயதில் தங்கப் பதக்கத்தோடு பள்ளிப் படிப்பை முடித்தார். வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடம் கிடையாது. அக்கா ப்ரோன்யா பாரிஸ் போய் மருத்துவம் படிப்பது, தங்கை வேலை பார்த்துப் பணம் அனுப்புவது, பிறகு அக்கா தங்கையை அழைத்துக்கொள்வது என்று இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். நம்ம ஊர் அக்கா தங்கச்சி கதை மாதிரியே இருக்குல்ல? 1886 ஜனவரியில் மான்யா ஷ்சூகி என்ற கிராமத்துக்கு, ஒரு பண்ணைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லும் ஆசிரியையாகப் போனார். அந்த ஊரில் பீட்ரூட் தோட்டங்களும் சர்க்கரை ஆலையும்தான். தொழிலாளர்களின் பிள்ளைகள் எழுத்தறியாமல் சேற்றில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பண்ணை வீட்டின் மூத்த மகளைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, தன் அறையிலேயே அந்தப் பிள்ளைகளுக்குப் போலந்து மொழி எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். மாட்டிக்கொண்டால் சைபீரியா வரைக்கும் அனுப்பிவிடுவார்கள். அப்போது அவருக்கு வயது பதினெட்டு, பத்தொன்பது. நம்மளைவிட ரெண்டு மூணு வயசு சின்னவங்க.

அந்தப் பிள்ளைகளுக்கு அவரால் எழுத்துதான் கொடுக்க முடிந்தது. கருவி எதுவும் அவர் கையிலேயே கிடையாது. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னால வரும்.

அவர் கை முதன்முதலாக ஒரு சோதனைக் குழாயைச் சுதந்திரமாகத் தொட்டது 1890, 91 வாக்கில். வார்சாவில் தொழில், வேளாண்மை அருங்காட்சியகம் என்று ஒன்று இருந்தது. பெயர்தான் அருங்காட்சியகம். உள்ளே ஒரு சின்ன ஆய்வகம், போலந்து இளைஞர்களுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்க. ரஷ்ய அதிகாரிகள் சந்தேகப்படக் கூடாதென்று அந்தப் பெயர். உறவுக்காரரான யூசெஃப் போகுஸ்கி அதை நடத்தினார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததால் மான்யா மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான் போக முடியும். பெரும்பாலும் தனியாக. புத்தகத்தில் படித்த சோதனைகளை அங்கே தானே செய்து பார்ப்பார். சிலது எதிர்பார்த்ததைவிட நன்றாக வரும், சிலது சொதப்பும். இந்தக் காலத்தில்தான் தனக்குச் சோதனை செய்வது பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டதாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். இருபத்து மூணு வயசுல! அலமாரி முன்னால் நின்ற குழந்தைக்கு அந்தக் கண்ணாடியைத் தாண்டக் கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆகியிருக்கு.

அடுத்த பதினைந்து வருஷத்தை ஃபாஸ்ட் ஃபார்வர்ட் பண்றேன். 1891ல் பாரிஸ். 1893ல் இயற்பியல் பட்டம், வகுப்பில் முதலிடம். 1894ல் கணிதம், இரண்டாமிடம். 1895ல் பியர் கியூரியோடு திருமணம், கல்யாணப் பரிசா வந்த பணத்துல ரெண்டு சைக்கிள் வாங்கி அதிலேயே ஊர் சுற்றினார்கள். 1898ல் பொலோனியம், அதே ஆண்டு ரேடியம். இயற்பியல் வேதியியல் தொழிற்கல்லூரி ஒன்றின் ஒழுகும் கொட்டகையில், டன் கணக்கில் பிட்ச்பிளெண்ட் கசடைக் காய்ச்சிக் கிளறி, 1902ல் பத்தில் ஒரு கிராம் ரேடியம் குளோரைடைப் பிரித்தெடுத்தார். 1903ல் பியர், பெக்கரல் ஆகியோரோடு நோபல் பரிசு.

இதற்கு நடுவே 1900 முதல் செவ்ர் என்ற இடத்தில், ஆசிரியைகளாகப் போகும் பெண்களுக்கான கல்லூரியில் இயற்பியல் எடுத்தார். அந்த மாணவிகளுக்கு அதுவரை இயற்பியல் என்றால் கேட்டு எழுதிக்கொள்வது. இவர் அவர்களைச் சோதனை செய்ய வைத்தார். ரேடியத்துக்கு நடுவுல இதை ஒரு சைடு வேலையா அவங்க நினைச்ச மாதிரி எனக்குத் தெரியலை.

1906 ஏப்ரல் 19. மழை பெய்துகொண்டிருந்த பாரிஸ் தெருவில் ஒரு சரக்குக் குதிரை வண்டி மோதி பியர் இறந்தார். மேரிக்கு வயது முப்பத்தெட்டு. மூத்த மகள் இரேனுக்கு எட்டு, இளையவள் ஈவுக்கு ஒன்றரை. நவம்பரில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பியரின் வகுப்பை இவரே தொடர்ந்தார். அங்கே பாடம் நடத்திய முதல் பெண் அவர்தான். பியர் நிறுத்திய இடத்திலிருந்து, முன்னுரை எதுவும் இல்லாமல் பாடத்தைத் தொடங்கினார். வீட்டில் பியரின் பெயரைச் சொல்லவே அவரால் முடியவில்லை. பிள்ளைகளைப் பியரின் தந்தை, டாக்டர் யூஜின் கியூரி, பார்த்துக்கொண்டார்.

இப்படி ஒரு நேரத்தில், 1907 வாக்கில், அவர் ஒரு குட்டி ஸ்கூலைத் தொடங்குகிறார். நம்ம ஆளுங்க யாராவது இருந்தா, உனக்கு இருக்கிற வேலைக்கு இதெல்லாம் எதுக்கும்மான்னு கேட்டிருப்பாங்க.

காரணம் இரேன். பிரெஞ்சுப் பள்ளிகளில் பிள்ளைகளை நாள் முழுக்க காற்றோட்டமில்லாத அறையில் உட்கார வைத்து மனப்பாடம் செய்ய வைப்பது மேரிக்குப் பிடிக்கவே இல்லை. ஓடி ஆட வேண்டிய வயதில் இதென்ன தண்டனை என்பது அவர் எண்ணம். பியரும் பள்ளிக்கூடமே போகாமல் வீட்டிலேயே படித்தவர்தான். சோர்போனில் இருந்த நண்பர்களிடம் பேசினார். பத்து பிள்ளைகள் சேர்ந்தார்கள். பெற்றோரே ஆசிரியர்கள். நாளைக்கு ஒரே ஒரு பாடம், ஆனால் அந்தத் துறையில் ஊறியவர் எடுக்கும் பாடம். மீதி நேரம் விளையாட்டு, தோட்டம், கைவேலை. இதற்கு அவர்கள் வைத்த பெயர் கூட்டுறவு. நம்ம ஊர் பால் சொசைட்டி மாதிரி, ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊத்தணும்!

ஊத்தினவங்க யாருன்னு பாருங்க. வேதியியல், ஜான் பெரின். அணுக்கள் நிஜமாகவே இருக்கின்றன என்பதைச் சோதனையால் நிறுவி, 1926ல் நோபல் பரிசு வாங்கியவர். கணக்கு, பால் லாஞ்செவின். காந்தவியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். இலக்கியம், வரலாறு, மொழிகளுக்குப் பெரின் வீட்டம்மா, ஷவான் வீட்டம்மா. களிமண்ணில் உருவம் செய்ய ஒரு சிற்பி. இயற்பியல், மேரி கியூரி. அவர் வகுப்பு நடந்தது ரேடியம் பிறந்த அதே தொழிற்கல்லூரியில், யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய அறையில்.

பாரிஸ் பத்திரிகை ஒன்று இதைக் கிண்டல் செய்தது. எழுதப் படிக்கவே தெரியாத குட்டிப் பசங்களுக்கு ஆய்வகத்தைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், கட்டடம் இன்னும் வெடிக்கவில்லை, ஆனாலும் நம்பிக்கையை விடவேண்டாம் என்கிற பாணியில். மீம் பேஜ் அப்பவே இருந்திருக்கு.

அந்த அறையில் என்ன நடந்ததென்று நமக்கு எப்படித் தெரியும்? ரெண்டு வழியில். ஒன்று, ஈவ் பின்னாளில் எழுதிய அம்மாவின் வாழ்க்கை வரலாறு. இன்னொன்று, வகுப்பில் இருந்த இசபெல் ஷவான் என்ற பெண் எடுத்து வைத்த குறிப்புகள். வீட்டில் கிடந்த அந்தக் குறிப்பேடு கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, 2003ல் பிரான்சில் புத்தகமாக வந்தது.

தொடக்கம் காற்றிலிருந்து. ஒரு காலி பாட்டில். உள்ளே என்ன இருக்கு? காற்று. இருக்குன்னு எப்படித் தெரியும்? பாட்டிலைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அமுக்கினால் தண்ணீர் ஏறி உள்ளே போக மாட்டேன் என்கிறது. சாய்த்தால் குமிழ் குமிழாக எதுவோ வெளியே வருகிறது, அந்த இடத்துக்குத் தண்ணீர் போகிறது. அப்போ பாட்டில் காலியில்லை. அதிலிருந்து வெற்றிடம், காற்றழுத்தம், குழாயில் தண்ணீர் ஏன் ஏறுகிறது என்று பாடம் நகரும். ஃபார்முலா எங்கேயும் கிடையாது. ஆனால் எதையும் மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போவதும் கிடையாது. அழுத்தம் என்ற வார்த்தையைப் பிள்ளை தானே தேடும் இடம் வரைக்கும் கூட்டிப் போய் விடுவார்.

அடர்த்திக்கு முட்டை. சாதாரணத் தண்ணீரில் நல்ல முட்டை மூழ்கும், உப்புத் தண்ணீரில் மிதக்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிபார்த்துச் சேர்த்தால் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நடுவில் நிற்கும். முட்டை கெட்டுப்போச்சான்னு உங்க வீட்லயும் தண்ணில போட்டுப் பார்த்திருப்பாங்க. ஆர்க்கிமிடீஸ் நம்ம அடுப்படியில எப்பவோ வந்து உட்கார்ந்துட்டாரு, சிலபஸ்ல வந்து சேரத்தான் எட்டாங்கிளாஸ் ஆகுது.

எனக்கு ரொம்பப் பிடித்தது பேரிங் குண்டு. சைக்கிள் பேரிங்கில் இருக்கும் இரும்புக் குண்டை இங்கில் முக்கி, சாய்வாக வைத்த பலகையில் ஓடவிடுவார்கள். குண்டு தான் போன பாதையைத் தானே வரைந்துவிட்டுப் போகும். பரவளையம், அதாவது நம்ம பரபோலா. யோசிச்சுப் பாருங்க. புரொஜெக்டைல் மோஷன்ல நமக்கு வர்ற பிரச்சினையே பொருள் வேகமா போய் விழுந்துடும், பாதை கண்ணுக்கு நிக்காதுங்கிறதுதான். சாய்வுத்தளம் ஈர்ப்பைக் கொஞ்சம் மெதுவாக்குகிறது, இங்க் பாதையைப் பிடித்து வைக்கிறது. பிறகு ஸ்கேல் வைத்து அளக்கலாம். பக்கவாட்டில் சம தூரம் போகும்போது கீழ்நோக்கி ஒன்று, நான்கு, ஒன்பது என்று ஏறும். பத்து வயதுப் பிள்ளை கலிலியோவின் விதியைத் தன் கையால் காகிதத்தில் அச்சடித்து எடுத்துக்கொள்கிறது. ஹாஸ்டல்ல சார்ட் பேப்பரும் டிராயிங் போர்டும் இருந்தா இன்னிக்கே செஞ்சு பாருங்க. செலவு பத்து ரூபாய் கூட ஆகாது. வார்டனுக்கு மட்டும் இங்க் கறை தெரியாம பாத்துக்கோங்க.

ஊசல் ஒன்று புகை படிந்த காகிதத்தில் தன் ஆட்டத்தைத் தானே எழுதும். பிள்ளைகளே வெப்பமானி செய்து, அதற்கு அளவுக்கோடுகளும் தாங்களே போட்டார்கள். அது கடையில் வாங்கிய வெப்பமானியோடு ஒத்துப்போனபோது அவர்களுக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்!

ஒரு நாள் அவர் ஒரு கேள்வி கேட்டார். ஒரு பாத்திரத்தில் சூடான திரவம் இருக்கிறது, அது ஆறாமல் இருக்க என்ன செய்யலாம்? பிள்ளைகள் ஆளுக்கொரு ஐடியா. கம்பளி சுற்றலாம் என்றது ஒன்று. வெப்பம் கடத்தாதபடி பலவிதமாகத் தனிமைப்படுத்தலாம் என்று, செய்யவே முடியாத வழிகளையெல்லாம் சொன்னார்கள் மற்றவர்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் இல்லையா. மேரி சிரித்துக்கொண்டு, தானாக இருந்தால் முதலில் ஒரு மூடியைப் போடுவேன் என்றார். அதோடு அன்றைய வகுப்பு முடிந்தது. குரோசான் ரொட்டி, சாக்லேட், ஆரஞ்சுப் பழம் எல்லாம் வந்தது. வாயில் அடைத்துக்கொண்டே அடுத்த விவாதத்தோடு முற்றத்துக்கு ஓடினார்கள்.

இந்த இடத்தைப் படிச்சப்போ எனக்கு நம்ம ப்ராஜெக்ட் ரிவியூ கண்ணு முன்னால வந்துச்சு. இதே கேள்வியை நம்மகிட்ட கேட்டா ஒரு டீம் வேக்கும் இன்சுலேஷன்னு சொல்லும், ஒரு டீம் சென்சார் வச்சு ஆப்ல காட்டுறேன்னு சொல்லும், ஒரு டீம் மெஷின் லேர்னிங்னு சொல்லும். மூடியை யாரும் சொல்ல மாட்டோம். சொன்னா மார்க் வராது.

மேரி கண்டிப்பான டீச்சரும்கூட. சோதனை நடக்கும்போது மேஜை அசிங்கமானால் கோபம் வரும். பிறகு துடைத்துக்கொள்கிறேன் என்ற சமாதானம் எடுபடாது. அசிங்கமே ஆகக் கூடாது என்பார். மனக்கணக்கில் தப்பே வரக் கூடாது, அதற்கு ரகசியம் அவசரப்படாமல் இருப்பதுதான் என்பார். ஆக்டிவிட்டி பேஸ்டுன்னா ஜாலியா கலர் பேப்பர் வெட்டி ஒட்டுறதுன்னு நினைக்கிறவங்க இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

சரி, குறையையும் சொல்லணும். இந்தக் கூட்டுறவு பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகளுக்கானது. அப்பா அம்மாவே சோர்போனில் இருந்தால்தான் உள்ளே வரமுடியும். பாரிஸில் டிராம் ஓட்டியவரின் பிள்ளைக்கு அந்த அறையின் கதவு திறந்திருக்காது. ஷ்சூகியில் சேற்றில் விளையாடிய பிள்ளைகளுக்கு எழுத்து மட்டும், இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்தோடு ஆய்வகமும். மேரிக்கு இது உறுத்தியதா என்பது எனக்குக் கேள்விதான். ஆனால் அவர் பயன்படுத்திய பொருள்களைப் பாருங்க. பாட்டில், முட்டை, உப்பு, குண்டு, புகை படிந்த காகிதம். பேராசிரியர் வீட்டில் மட்டும் கிடைக்கிற பொருள் இதில் எதுவும் இல்லை. பூட்டுப் போடத் தேவையில்லாத கருவிகள்.

ரெண்டு வருஷத்தில் கூட்டுறவு கலைந்தது. பெற்றோருக்குத் தங்கள் வேலையே தலைக்கு மேல் இருந்தது. பிள்ளைகளுக்கும் அரசுத் தேர்வு எழுதும் காலம் நெருங்கியது, அதற்கென்று ஒரு பாடத்திட்டம் இருந்தது. பரீட்சைகிட்ட நோபல் பரிசும் தோத்துப் போச்சு. இரேன் வழக்கமான பள்ளியில் சேர்ந்தார்.

1911ல் மேரிக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு. அதே வருஷம் பத்திரிகைகள் அவருடைய சொந்த வாழ்க்கையை நடுத்தெருவுக்கு இழுத்தன. 1914ல் முதல் உலகப் போர். காயம்பட்ட சிப்பாயின் உடம்பில் குண்டு எங்கே இருக்கிறது என்று பார்க்க எக்ஸ்ரே வேண்டும், அது போர்முனையில் இல்லை. வண்டியில் எக்ஸ்ரே கருவியை ஏற்றி, வண்டி இஞ்சினிலேயே டைனமோ ஓட்டி மின்சாரம் எடுத்து, மேரி நேராகப் போர்முனைக்குப் போனார். கூடவே பதினேழு வயது இரேன். பிறகு சுமார் 150 பெண்களுக்கு எக்ஸ்ரே எடுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் பலருக்கு அறிவியல் பின்னணி கிடையாது. மின்சாரம், உடற்கூறு, கருவியைக் கையால் இயக்குவது என்று சில வாரங்களில் சொல்லிக் கொடுத்து அனுப்பினார்கள். பேரிங் குண்டு வகுப்பில் அம்மாவுக்குக் கிடைத்த அனுபவமும், அதில் உட்கார்ந்திருந்த மகளும், ரெண்டும் இங்கே வேலை செய்திருக்கின்றன என்று நான் நினைக்கிறேன்.

அந்த வகுப்பில் இருந்த ஜான் பெரினின் மகன் பிரான்சிஸ், 1939ல் யுரேனியத்தின் தொடர்வினைக்கு எவ்வளவு எடை வேண்டும் என்று முதன்முதலில் கணக்குப் போட்டவர்களில் ஒருவர். பின்னாளில் பிரான்சின் அணுசக்தி ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார்.

இரேன் தன் கணவர் ஃபிரெடெரிக் ஜோலியோவோடு அம்மாவின் ரேடியம் ஆய்வகத்திலேயே வேலை பார்த்தார். 1934 ஜனவரியில் இருவரும் அலுமினியத் தகட்டை ஆல்ஃபா துகள்களால் தாக்கி, இயற்கையில் இல்லாத ஒரு கதிரியக்கப் பாஸ்பரஸை உருவாக்கினார்கள். செயற்கைக் கதிரியக்கம். அடுத்த ஆண்டு அதற்குத்தான் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நேரம் மேரிக்கு உடம்பு மிகவும் மோசம். கண்ணில் பலமுறை அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. ரேடியத்தைப் பல வருஷம் தொட்டுத் தொட்டு விரல் நுனியெல்லாம் வெந்து தடித்துப் போயிருந்தது.

மகளும் மருமகனும் அந்தப் புதுப் பொருளை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் போட்டு அவரிடம் காட்டினார்கள். மேரி அவர்கள் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போகவில்லை. குழாயைத் தன் விரலால் வாங்கி, கைகர் கவுண்டர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, அது டிக் டிக் என்று அடிப்பதைத் தானே கேட்டார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை ஃபிரெடெரிக் கடைசி வரை மறக்கவில்லை.

அந்த வருஷம் ஜூலை 4 அன்று மேரி இறந்தார்.